அரக்கு பனியனும் லெஃப்ட் அவுட் ராஜவேலுவும்

பிள்ளையார்பாளையத்தில் சாயக்கார ராஜவேலுவைத் தெரியாதவர் கிடையாது. பட்டு நூலுக்கு அரக்குச் சாயம் ஏற்றுவதில் அவர் கையே கை என்பார்கள். ஆனால் முப்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைகளிடம் கேட்டால், "யாரு, நம்ம லெஃப்ட் அவுட் ராஜவேலுவா?" என்று முகம் மலர்ந்து திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்தால் மட்டும் ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டு பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார்.

பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். விடிந்ததும் குமரகோட்டத்து முருகனைக் கும்பிடப் போவார். பந்தாடுகிற மைதானத்து ஓரமாகப் போனால் கிட்டத்து வழி. அவரோ ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். ஏன் என்று மனைவி ரேணுகாம்பாள் கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லதுமா" என்பார்.

1974-ஆம் வருஷம், ஆனி மாதம். ஒரு நாள் காலையில் கோதண்டபாணியும் துரைக்கண்ணுவும் ஒரு மூட்டையோடு அவர் வீட்டுக்கு வந்தார்கள். கோதண்டபாணி தறி நெய்கிறவர். ராஜவேலு இடது ஓரத்தில், லெஃப்ட் அவுட்டாக, ஆடிய காலத்தில் பாலமுருகன் கால்பந்துக் குழுவுக்கு அவர்தான் கேப்டன். துரைக்கண்ணு சைக்கிள் கடைக்காரன். பந்தைக் காலால் தொட்டதில்லை, ஆனால் ஒரு ஆட்டம் விடாமல் போய்த் தொண்டை கட்டக் கத்திவிட்டு வருவான்.

கோதண்டபாணி மூட்டையைப் பிரித்தார். பதினொரு வெள்ளைப் பருத்தி பனியன்.

"நம்ம டீமுக்கு இருபத்தஞ்சாவது வருஷம்பா. ஞாயித்துக்கிழமை தாமல்காரங்களோட மேட்ச். இதுக்கெல்லாம் அரக்கு போட்டுக் குடு. அன்னிக்கு நீதான் முன்னாடி குந்தணும், உனக்குத்தான் மாலை."

ராஜவேலுவின் முகம் சுருங்கிவிட்டது. "என் கை வேணாம் கேப்டன். ஏற்கெனவே ஒரு தடவை போட்டுக் குடுத்தது பத்தாதா?"

அந்த ஒரு தடவை 1962-இல். அதே தாமல் ஊர்க் குழுவோடு கோப்பைக்கான ஆட்டம். முருகனுக்குச் செய்கிற தொண்டாக நினைத்து, குழுவின் பனியன்களுக்கு ராஜவேலுவே அரக்குச் சாயம் போட்டார். பட்டுக்குப் போடுகிற அதே சாயம். பட்டைத் தவிர வேறெதையும் சாயக் கொப்பரையில் முக்கியறியாதவர் அவர். அந்தச் சாயம் பருத்தியில் நிற்காது என்பது அவருக்குத் தெரியாது. பாதி ஆட்டத்தில் மழை கொட்டியது. ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது, கடைசி நிமிஷத்தில், தம் கோல் கம்பத்துக்கு அருகில் ராஜவேலு ஒருவனுக்குப் பந்தைத் தள்ளினார். அவன் தாமல்காரன். கோப்பை போய்விட்டது. அதோடு ராஜவேலு பந்தைத் தொடவில்லை.

"அந்தப் பேச்சை எடுக்காதே துரைக்கண்ணு" என்றார் இப்போது, அவன் வாயைத் திறக்கும் முன்பே.

ஆனால் காபியோடு வந்த ரேணுகாம்பாளைப் பார்த்ததும் துரைக்கண்ணுவுக்கு அடக்க முடியவில்லை. "அண்ணி, நீங்க பார்க்கலியே! பனியன்லேருந்து சாயம் ஒழுகுது. தாமல்காரனுங்க வெள்ளை பனியன். இவனுங்க மேல அவனுங்க விழ, அவனுங்க மேல இவனுங்க விழ, இருபத்திரண்டு பேரும் ஒரே ரோஸ் கலரு! விசில் ஊதறவரு நிஜார்கூட ரோஸு! தாமல்லேருந்து வந்த ஒரு அம்மா ரத்தம்னு நெனச்சுக்கினு, 'ஐயோ எம்புள்ளையக் கொல்றாங்களே'ன்னு உள்ளயே ஓடியாந்துட்டாங்க!"

கோதண்டபாணி சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ரேணுகாம்பாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜவேலு எழுந்து நின்றார். "சிரிப்பா இருக்குதா உங்களுக்கு? என்னாலதான் கப்பு போச்சு. மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல."

சிரிப்பு நின்றது. கோதண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உன்னாலன்னு எவன் சொன்னான்? நம்ம கோல்கீப்பர் முனிரத்தினம் இன்னா பண்ணான் தெரியுமா? அந்தத் தாமல்காரன் பந்தோட வரான். நம்ம ஆளுதான், பந்தைத் தன் கையில குடுக்க வரான்னு நெனச்சு ரெண்டு கையையும் நீட்டிக்கினு நிக்கறான்! நான் தூரத்துல இருந்து 'சபாஷ்'னு கத்தறேன்! அவனை நான் நம்ம டீம்ல ஆடற பட்டறை வீட்டுப் பையன்னு நெனச்சேன்பா."

"அதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க நின்னு கேட்ட? எங்களைக் கண்டாலே சந்துல பூந்துடற."

துரைக்கண்ணு குரலைத் தாழ்த்தினான். "நாம கெலிச்ச கப்பு அஞ்சு இருக்குது அண்ணா. எது எந்த வருஷம்னு எவனுக்கும் ஞாபகமில்ல. உன் ஆட்டத்தைத்தான் எல்லாரும் பேசறோம். மைதானத்துக் கோட்டுச் சுண்ணாம்பைத் தொட்டு விபூதி மாதிரி நெத்தில வெச்சுக்கினு கார்னர் அடிப்பியே, அது நேரா கோலுக்குள்ள வளைஞ்சு போவுமே! என் கடைக்கு வரவனுக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன். தாமல்காரங்க மேட்ச்சுக்கு ஒத்துக்கும்போதுகூட, 'அந்த அரக்குக்காரரு வருவாரா?'ன்னுதான் கேட்டாங்க."

"இதுக்கா இந்த மனுஷன் பன்னண்டு வருஷமா ஊரைச் சுத்திக்கினு கோயிலுக்குப் போறாரு?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள். கேட்ட விதத்தில் கேலியைவிட வருத்தம்தான் அதிகம்.

ராஜவேலு ஒரு பனியனை எடுத்து ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, "இதுக்குச் சாயமே வேற. அந்த மேட்ச்சுக்கு மறுநாளே போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கினேன்" என்றார். "வெச்சுட்டுப் போங்க."

பருத்திக்கான சாயம் வாங்கிவந்து, முருகன் விபூதியைக் கொப்பரை விளிம்பில் இட்டு, பனியன்களை முக்கினார். ஒன்றை மட்டும் எடுத்து மூன்று முறை அலசினார். மூன்றாவது தண்ணீர் குடிக்கிற தண்ணீர்போலத் தெளிந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கூட்டம் நெருக்கியது. ஆட்டம் தொடங்கும் முன் துரைக்கண்ணு ஒரு குடம் தண்ணீரோடு ஓடிப்போய்ப் புதுக் கேப்டன் தலையில் கவிழ்த்தான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூட அரக்காக இறங்கவில்லை.

"அடப்போங்கப்பா, இதுக்கா தாமல்லேருந்து வந்தோம்?" என்று எதிர்ப்பக்கம் ஒருவர் கத்த, மைதானமே சிரித்தது. கூடவே ராஜவேலுவும் சிரித்தார். மாலை போட்டு, முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கூச்சத்தில் நெளிந்துகொண்டே இருந்தார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இடது ஓரத்தில் பந்தை வாங்கிய பாலமுருகன் குழுப் பையன் இளங்கோவன் எந்தப் பக்கம் போவதென்று தயங்கி நின்றான்.

"டேய்! கோட்டோரமாவே ஓடு! உள்ள வராதே! ஓடுடா கண்ணு!"

மாலையும் கழுத்துமாக ராஜவேலு கோட்டோரமாக அவனோடு ஓடிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உன் நாற்காலி இங்க இருக்குது!" என்று துரைக்கண்ணு பின்னாலிருந்து கத்தினான்.

"நீயே குந்திக்கோ!" என்று திரும்பிப் பாராமல் சொல்லிவிட்டு, ராஜவேலு பந்தின் பின்னால் போனார்.