முட்டை என்றால் ஐந்து: ஹைமாவில் வெள்ளை மான் பார்த்த பயணம்

ஓமான் பாலைவனத்தில் வெள்ளை மான் பார்க்கப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பிப்ரவரி மாதம். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது போன வருடம்தான். அதனால் இதில் உள்ள விலையெல்லாம் பழையது, எழுத்து மட்டும் புதிது!

அப்போது நான் சலாலாவில் ஒரு தண்ணீர் டேங்கர் கம்பெனியில் ஹெல்பர். சிவகங்கைப் பக்கம் ஆடு மேய்த்து வளர்ந்தவன். ஹைமாவுக்குக் கிழக்கே, வேட்டையால் அற்றுப்போன வெள்ளை மானை வெளிநாட்டு மிருகக்காட்சி சாலைகளில் பெருக்கி, திரும்பக் கொண்டுவந்து, வேலிக்குள் வளர்த்தார்கள். செலவைக் கொடுத்தது ஒரு வெளிநாட்டுத் தர்ம நிறுவனம். மான்களைத் தினமும் பார்த்து எழுதிவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. இரண்டு பேரை அனுப்புங்கள், ஒருவரை வைத்துக்கொள்கிறோம் என்று எங்கள் கம்பெனிக்குச் சொல்லியிருந்தார்கள். கேம்பில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேராகப் படுத்தவனுக்கு அந்த வேலை எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

என்னோடு வந்தவன் செல்வராசு, பட்டுக்கோட்டைப் பக்கம். பத்தாவது பாஸ். கல்ஃபுக்கு வந்து மூன்றே மாதம். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அந்தப் பேனாக்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

காலை 4.30க்கு டேங்கர் கிளம்பியது. டிரைவர் காதர் காக்கா, கீழக்கரைக்காரர்; அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். மலையேறி இறங்கினால் 80 கிலோமீட்டரில் தும்ரைத். அங்கே டீ 50 பைசா, பரோட்டா 100 பைசா; ஓமானில் ஆயிரம் பைசா ஒரு ரியால். அதற்கப்புறம் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒன்றும் கிடையாது. தண்ணீரை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

“அண்ணே, அங்க மானப் பாத்துக்குற மேடம் ஒரு பேப்பரக் குடுத்துப் படிக்கச் சொன்னா என்ன செய்வீங்க?” என்றான் செல்வராசு.

“மானுக்குப் பேப்பர் எதுக்குடா? கண்ணு இருந்தாப் போதும்.”

“கண்ணு மானுக்கே இருக்குண்ணே.”

காக்கா ஸ்டீரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் மீதிப் பரோட்டாவைப் பேப்பரில் சுற்றி வைத்தேன்.

சலாலாவிலிருந்து ஹைமா ஏறக்குறைய 500 கிலோமீட்டர். மதியம் 1.30க்குச் சேர்ந்தோம். அங்கிருந்து 60 கிலோமீட்டர் மண்பாதை. இரண்டரை மணி நேரம். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு போக வேண்டும்.

அங்கே இருந்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஷெட் சுவரில் நிறைய போட்டோ ஒட்டியிருந்தார். ஒரு நாட்டில் கடலாமை, ஒன்றில் காண்டாமிருகம், பனிமலையில் ஒரு சிறுத்தை. அந்த நிறுவனம் ஓர் இடத்துக்கு ஜீப் வாங்கிக் கொடுக்குமாம், இன்னோர் இடத்தில் காவலாளிக்குச் சம்பளம், வேறோர் இடத்தில் மருந்து. இந்த மிருகங்களைக் கண்ணால் பார்த்தே இராத சனங்கள் தபாலில் பணம் அனுப்புகிறார்கள் என்றார். காக்கா தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு மான் மேலேயே பொறாமை வந்துவிட்டது. அதற்கு நிழல் உண்டு, டாக்டர் உண்டு, 560 கிலோமீட்டர் தள்ளியிருந்து தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீரோடு வந்தவன் நான்!

மறுநாள் காலை 6 மணிக்கு பைனாகுலரைக் கொடுத்து எங்களை மேட்டில் உட்கார வைத்தார்கள். நீங்களும் அந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும். உடம்பெல்லாம் உப்பு மாதிரி வெள்ளை; கொம்பு நேரே கம்பி போல. கழுத்துப் பட்டையில் எண் இருந்தது. நான் பார்த்துவிட்டுக் கொடுத்தேன், செல்வராசு பார்த்து எழுதினான். 11, 19, 91, 70 என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான்.

பட்டையில் இருந்தது அரபி எண். ஒன்றும் ஒன்பதும் அங்கேயும் நம்முடையது போலத்தான் இருக்கும். ஆனால் முட்டை போல இருந்தால் அது ஐந்து. சைபருக்கு வெறும் புள்ளி. நம் ஏழு போல இருப்பது ஆறு. கேம்ப் கதவுகளைக் காட்டி எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் காக்கா. எழுத்து தெரியாத எனக்கு அந்தப் பத்து எண்தான் சொத்து. அவன் எழுபது என்றது அறுபத்தைந்து. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை.

டாக்டரம்மா பேப்பரைப் பார்த்து முகம் மாறினார். 65 சினையாக இருக்கும் பெண் மான். காலில் வீக்கம், ஊசி போட வேண்டும். அதைக் காணோம். 70ஐ வெளியே திறந்துவிட்டு மாதக்கணக்காகிறது. அது எப்படி உள்ளே வந்தது? வேலி எங்கோ அறுந்திருக்கிறது, 65 அதன் வழியே போய்விட்டது என்று ஜீப்பைத் தயார் செய்தார். போகட்டும், தேடிக் களைத்து வரட்டும், அப்புறம் செல்வராசு மாட்டுவான் என்று நான் தொட்டியில் தண்ணீர் நிரப்பப் போனேன்.

தொட்டிக்குப் பக்கத்திலேயே 65 படுத்திருந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டும் எழவில்லை. சினையாடு அப்படிப் படுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பைப்பைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“மேடம், ஜீப் மாஃபி! மாஃபி!” வேண்டாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான்.

மணலில் விரலால் ٦٥ என்று போட்டுக் காட்டினேன். நான் வாழ்க்கையில் முதலில் எழுதியது அதுதான்.

“எழுபதுதானேண்ணே?” என்றான் செல்வராசு.

“அட ஹிமாறு, முட்டைன்னா அஞ்சு!” என்றார் காக்கா. ஹிமாறு என்றால் அரபியில் கழுதை.

ஊசி போட்டு, நிழல் கட்டி, மதியத்துக்குள் மான் எழுந்து தண்ணீர் குடித்தது. அதன் பிறகு காக்கா என் பக்கம் திரும்பினார்.

“காலைலயே பாத்தியாப்பா?”

“பாத்தேன் காக்கா.”

“பின்ன ஏன் வாயத் தொறக்கல?”

நான் செல்வராசு பையிலிருந்த பேனாக்களைப் பார்த்தேன். காக்கா எல்லாவற்றையும் அப்படியே டாக்டரம்மாவிடம் சொன்னார். அவர் கோபப்படவில்லை. எண்ணை ஒரு நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம், பார்த்ததைச் சொல்லாதவரை வைத்து என்ன செய்வது என்று கேட்டாராம். வேலை செல்வராசுக்கு. நான் டேங்கரில் திரும்பினேன். 560 கிலோமீட்டரும் எரிந்துகொண்டே வந்தேன்.

படிப்பில்லாததால் அந்த வேலை போனது என்றே இத்தனை வருடம் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். படிப்பு வந்தபின் எழுதிப் பார்த்தால் அந்தப் பொய் பேப்பரில் நிற்க மாட்டேன் என்கிறது.

போகிறவர்கள் முதலில் அனுமதி கேளுங்கள். பாதையும் விலையும் மாறியிருக்கும். குளிர்காலத்தில் போங்கள், சத்தம் போடாதீர்கள், அரபி எண் பத்தையும் கற்றுக்கொண்டு போங்கள். மான் நொண்டினால் உடனே யாரிடமாவது சொல்லுங்கள்.

செல்வராசு, இது உன் கண்ணில் பட்டால் பார்த்துக்கொள்: 65, ٦٥, அறுபத்தைந்து. மூன்றும் என் கையெழுத்துதான்டா. அந்த மான் குட்டி போட்டதா, இல்லையா? அதை நீதான் பார்த்திருப்பாய். எனக்கு அந்தப் பொறாமை இன்னும் இருக்கிறது.