குளக்கரை விமான என்ஜின்

சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் குறுக்கிட்டால் எனக்குக் கோர்வை போய்விடும். பேய் பிசாசை நம்புகிற ஆளில்லை நான். கோவில் கொடை விழாவில் சாமியாடி வந்த சுடலைமாடனிடமே தீப்பெட்டி கேட்டு அடி வாங்கியவன். ஆனால் தங்கையா அத்தானின் வயலோரக் குளக்கரையில் நடந்தது நடந்ததுதான், அதுவும் உச்சிவெயிலில்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மழை ஏமாற்றி, பால் பிடிக்கிற பருவத்தில் நெல் வாடி நின்றது. குளத்தில் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிட்டது. உடனே ஏற்றிப் பாய்ச்சாவிட்டால் அத்தனையும் பதர். அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், வடசேரிப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு விமான என்ஜினை வண்டியில் கொண்டுவந்தார். ஒற்றை ஆள் உட்காரும் குட்டி விமானத்துக்காகச் சீமையில் ஏதோ சின்னக் கம்பெனி செய்தது. இரண்டு சிலிண்டர்களும் நிமிர்ந்து நிற்காமல் இரு பக்கமும் கை நீட்டிப் படுத்திருக்கும். முன்னால் மர விசிறி. அந்தக் காற்றில்தான் சூடு ஆறும் என்பதால் விசிறியின் நுனியை மட்டும் அறுத்துவிட்டு, அச்சில் பெல்ட் மாட்டிப் பம்பை ஓட்டினோம். மெக்கானிக் நான்தான். சண்டைக்காலத்தில் விமானக் கொட்டகையில் வேலை பார்த்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். டீ கொடுத்தேன் என்று சொல்லவில்லை.

அங்கே கற்றது ஒன்றே ஒன்று. விசிறியைச் சுற்றுகிறவன் முதலில் "ஆஃபா?" என்று கத்துவான், விமானத்துக்குள் மிதிகளில் காலும் கம்பியில் கையுமாக உட்கார்ந்திருக்கும் விமானி சுவிட்சைப் பார்த்துப் பதில் சொல்வான், பதில் வராமல் விசிறியில் கை வைக்கக் கூடாது. அத்தானுக்கு இந்தச் சடங்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அன்று என்ஜின் பெட்ரோலை அதிகமாகக் குடித்துவிட்டுக் கிளம்ப மறுத்தது. சுவிட்சை அணைத்து விசிறியைப் பின்பக்கமாகச் சுற்றினால் கக்கிவிடும். சுவிட்சோ லொடலொடவென்று ஆடியது. அத்தானின் கையாயிற்றே என்று பயந்து, எதற்கும் இருக்கட்டும் என்று அதன் வயரையே அறுத்துப்போட்டேன். வீட்டு விளக்கென்றால் அணைந்திருக்கும். இந்த என்ஜின் தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்கிற ஜாதி, அதை அடக்கி வைப்பதே அந்த வயர்தான் என்பது டீக்காரனுக்கு எப்படித் தெரியும்?

அத்தான் இரண்டு கைகளையும் விசிறிக்குத் தூக்கினார். "ஆஃபாலே?"

நான் வாய் திறக்குமுன், "ஆன்" என்று ஒரு குரல். தாழ்வாக, சலித்துக்கொண்ட மாதிரி.

அத்தான் பின்னால் தாவினார். "எலே, எனக்க கை ஒனக்கு வெளையாட்டாலே?"

"நான் பேசவே இல்ல அத்தான்!"

"பின்ன ஒனக்க தாத்தாவா வந்து பேசினாரு?"

கோபத்தில், கிடந்த தென்னை மட்டையை எடுத்து விசிறியை ஒரு தள்ளு தள்ளினார். என்ஜின் படாரென்று பிடித்தது. மட்டை துண்டுதுண்டாகக் குளத்தில் போய் விழுந்தது. பெட்ரோல் குழாயை மூடி நிறுத்துவதற்குள் என் வேட்டி நனைந்துவிட்டது. குளத்துத் தண்ணீர் என்று பிறகு சமாளித்தேன். அத்தான் தன் பத்து விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயரை முறுக்கிச் சேர்த்து, பயந்து பயந்து ஓட்டி, வயலுக்குத் தண்ணீர் விட்டோம். நெல் பிழைத்தது. அதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே அக்கா கஞ்சிக்கலயத்தோடு வந்தாள். கோரிக் குடிக்கப் பிலாவிலையைக் கரண்டிபோலக் கோட்டி வைத்தாள். மூன்று.

"மூணு எதுக்குக்கா?"

"அந்த ஆளு எங்கலே? முன்னமே வரப்புல நின்னு பாத்தனே, என்ஜினுக்குப் பொறத்தால இருந்தாரே."

என்ஜினுக்குப் பின்னால் குளம்தான். உட்கார ஒரு கல்கூடக் கிடையாது.

"எப்பிடிட்டி இருந்தாரு?" என்றார் அத்தான்.

விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, என் அக்கா. அவள் தரையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் முன்னால் நீட்டி எதையோ மிதிப்பதுபோல வைத்து, ஒரு கையால் மடிக்கு நேராக இல்லாத ஒரு கம்பியைப் பிடித்துக் காட்டினாள்.