இங்கிலீஷ் தேவையில்லை என்று பேசி ஜெயித்தவர்

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் நோரிஸ் டாட். மீதிப் பேர் அவரிடம் சேர்ந்துவிட்டு நடுவழியில் அழுதுகொண்டே இறங்கிப் போனவர்கள். கற்றுக்கொடுக்கும் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். நோரிஸ் அதை மிதிக்கும்போதெல்லாம் கூடவே ஒரு பிரசங்கம் வரும். ரவுண்டானாவில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று ஆரம்பித்து, மழை, அரசாங்கம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கும்: "பொழைக்க வந்த எடத்துல இங்கிலீஷ் பேசணுமா, வேணாமா? அதச் சொல்லு மொதல்ல. அப்புறம் கியரப் போடு."

எங்கள் ஊரான தார்ன்ஃப்ளீட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் முட்டைக்கோஸ் வயல்தான். அதை வெட்டவும் கட்டவும் உள்ளூர்க்காரர்கள் யாரும் குனிவதில்லை. லிதுவேனியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்தவர்கள்தான் குனிகிறார்கள். அவர்களுக்கென்று கடைகள் வந்தன, கடைகளுக்குப் பலகைகள் வந்தன. அந்தப் பலகைகளைப் படிக்க முடியவில்லை என்பதுதான் நோரிஸின் மனக்குறை.

"கண்ணாடி போடாம உனக்கு எந்தப் பலகையத்தான் படிக்க முடியுது?" என்பார் அவர் மனைவி பெரில். "போன வாரம் பல் டாக்டர் வீட்டுக்குள்ள போயி மீன் வறுவல் கேட்டவன்தானே நீ?"

எங்கள் ஊர்த் தேவாலயத்தின் பின்னறையில் வியாழக்கிழமைதோறும் விவாத மன்றம் கூடும். நேரம் முடிந்தால் மணியடிப்பது என் வேலை. மணியை யாரும் மதித்ததில்லை. ஆனாலும் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் எல்லாவற்றையும் நன்றாகப் பார்க்கலாம். வருடக் கடைசியில் ஒரு வெள்ளிக் கோப்பை தருவார்கள். நோரிஸ் வருடம் தவறாமல் கடைசிச் சுற்று வரை வருவார், வருடம் தவறாமல் தோற்பார். தோற்ற பிறகு ஒரு மாதத்துக்கு அவரிடம் கார் பழகப் போகிறவர்கள் பாவம்.

அந்த வருடம் அவரை எதிர்த்துக் கடைசிச் சுற்றுக்கு வந்தவள் டாய்வா. லிதுவேனியாக்காரி. கடைத்தெருவில் கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட மீனும் விற்கிற கடை அவளுடையது. மன்றத்தில் ஏன் சேர்ந்தாள் என்று ஒருமுறை கேட்டேன். "என் புருஷன் எதுக்குமே பதில் பேச மாட்டாருங்க. பதிலுக்குப் பதில் பேசுற ஆளுங்க எனக்கு வேணும்" என்றாள். அவளுடைய இங்கிலீஷ் எங்களுடையதைவிடச் சுத்தமாக இருக்கும். அதனாலேயே சிலருக்கு அவளைப் பிடிக்காது.

என்ன தலைப்பு என்று முடிவு செய்ய வேண்டிய கூட்டத்தில் நோரிஸ் மேசையைத் தட்டித் தட்டித் தன் தலைப்பையே ஏற்கவைத்தார். 'வந்து குடியேறியவர்கள் இங்கிலீஷ் பேசியே தீர வேண்டும்.' மன்றத் தலைவி திருமதி கேன்ட்ரி, முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவர், எழுதிக்கொண்டார். காசைச் சுண்டினார். எங்கள் மன்றத்தில் யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைக் காசுதான் தீர்மானிக்கும். நம்புகிறதைப் பேச ஊரில் வேறு இடங்கள் இருக்கின்றன என்பது மன்றத்தைத் தொடங்கியவர்களின் எண்ணம்.

காசு விழுந்தது. பேசியே தீர வேண்டும் என்று டாய்வா பேச வேண்டும். தேவையில்லை என்று நோரிஸ் பேச வேண்டும்.

நோரிஸ் கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்தார்.

"இன்னொரு தடவ சுண்டுங்க" என்றார் நோரிஸ்.

"அதெல்லாம் முடியாது நோரிஸ்."

"நான் கொண்டுவந்த தலைப்புங்க இது!"

"அதனாலென்ன? நல்லாத் தெரிஞ்ச விஷயம்தானே, எதிர்த்துப் பேசுறதும் சுலபமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திருமதி கேன்ட்ரி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் நோரிஸ், போட்டியிலிருந்து விலகிவிடப் போவதாகப் பெரிலிடம் சொன்னாராம். பெரில் பின்னல் வேலையிலிருந்து தலை நிமிரவில்லை. "விலகிக்கோ. கோப்ப அந்தப் பொண்ணோட கடையில, மீனுக்கு நடுவுல இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

அதைக் கேட்டபிறகு மனுஷனுக்குத் தூக்கம் வரவில்லை. தேவையில்லை என்றே பேசி ஜெயிப்பது என்று முடிவு செய்துவிட்டார். கொள்கை வேறு, கோப்பை வேறு.

டாய்வா இன்னும் ஒருபடி மேலே போனாள். எந்தப் பக்கம் நின்றாலும் அதில் முழுசாக நிற்கிறவள் அவள். மறுநாள் காலையே கடையில் லிதுவேனிய மொழிக்குத் தடை விதித்தாள். வயலில் நாள் முழுக்கக் குனிந்துவிட்டு வருகிற ஆட்கள் ரொட்டியைக் காட்டி வழக்கமான பேரைச் சொன்னால், "இங்கிலீஷ்ல" என்பாள். அவர்கள் முழிப்பார்கள். சிலர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். சிலர் ரொட்டியைப் படமாக வரைந்து காட்டினார்கள். "படம் இங்கிலீஷ் இல்ல" என்றாள்.

வீட்டிலும் அதே சட்டம். அங்கேதான் அவள் புருஷன் ரிமாஸ் மாட்டிக்கொண்டான். நல்ல உயரம், சாதுவான ஆள். முட்டைக்கோஸ் கட்டும் கொட்டகையில் வேலை. இத்தனை வருடத்தில் அவன் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் இரண்டு வார்த்தைதான். ஒன்று 'ஓகே', இன்னொன்று 'முட்டைக்கோஸ்'. ராத்திரி என்ன சாப்பிடுகிறாய் என்று டாய்வா இங்கிலீஷில் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னான். அந்த வாரம் முழுக்க அவனுக்கு முட்டைக்கோஸ்தான்.

இதற்கிடையில் நோரிஸுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. இங்கிலீஷே தெரியாமல் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்கிற ஆள். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ரிமாஸ் கொட்டகை மதில்மேல் உட்கார்ந்திருந்தான். நோரிஸ் காரை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டி, அவனை நோக்கி விரலை நீட்டினார்.

"ஓகே" என்றான் ரிமாஸ். காருக்குள் குளிர் இல்லை, முட்டைக்கோஸும் இல்லை.

ரிமாஸ் அதுவரை கார் ஓட்டியதே இல்லை. குடும்பத்தில் ஓட்டுவது டாய்வாதான். நோரிஸ் சைகையிலேயே கற்றுக்கொடுத்தார். இடது காதைப் பிடித்து இழுத்தால் இடதுபக்கம். வலது காது வலதுபக்கம். இரண்டு காதையும் இழுத்தால் ரவுண்டானா. மூக்கைத் தடவினால் மெதுவாகப் போ. தொடையில் அறைந்தால் பிரேக். முதல் நாள் தொடையில் அறைந்து அறைந்து கை வலித்துப்போனது. ஆனால் ஒரு விஷயம் அவருக்கே ஆச்சரியம். திட்டிப் பயனில்லை என்பதால் அவர் திட்டவே இல்லை. திட்டு விழாததால் ரிமாஸ் பயப்படவும் இல்லை. மழையில், வயல்களுக்கு நடுவே, இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தெனமும் ரெண்டு காதும் செவந்துபோய் வர்றியே, யார் திருகிவிடுறாங்க?" என்று பெரில் கேட்டார்.

"ஆதாரம் சேத்துக்கிட்டிருக்கேன்" என்றார் நோரிஸ்.

கடைசிச் சுற்று அன்று பின்னறையில் நிற்க இடமில்லை. டாய்வா முதலில் பேசினாள். கணீரென்ற குரல். ஒரு ஊரின் மொழியைப் பேசாமல் அந்த ஊரில் வாழ்வது, அடுத்தவர் வீட்டில் செருப்போடு நடப்பதற்குச் சமம் என்றாள். நோரிஸின் பப் கூட்டாளி லென் தன்னையும் மறந்து கைதட்டினான். நோரிஸும் பாதிக் கை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். அது அவருடைய சொந்தப் பேச்சு, வருடக்கணக்காக அவர் காரில் பேசி வருவது.

பிறகு எழுந்தார். பேசவில்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை நடுவில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். கதவுப்பக்கம் பார்த்துக் கையசைத்தார். ரிமாஸ் உள்ளே வந்து வலதுபக்க நாற்காலியில் உட்கார்ந்தான். இல்லாத பெல்ட்டை இழுத்து மாட்டினான். இல்லாத கண்ணாடியைச் சரிசெய்தான்.

நோரிஸ் பக்கத்தில் உட்கார்ந்து இடது காதை இழுத்தார். ரிமாஸ் நாற்காலியோடு நகர்ந்து இடதுபக்கம் திரும்பினான். நோரிஸும் கூடவே நகர்ந்தார். இரண்டு காதையும் இழுத்ததும் டீ மேசையை ஒரு சுற்று வந்தார்கள். மேசைப்பக்கம் நின்றிருந்த யாருக்கோ வழியும் விட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் திருமதி கேன்ட்ரி பிஸ்கட் தட்டோடு குறுக்கே வர, நோரிஸ் தொடையில் அறைவதற்கு முன்பே ரிமாஸ் நின்றுவிட்டான். கையைக் காட்டி, அவரைப் போகச் சொன்னான்.

அறையே அதிர்ந்தது. இத்தனை வருடத்தில் எங்கள் மன்றத்தில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை.

டாய்வா மட்டும் தட்டவில்லை. புருஷன் கூடுதல் நேரம் வேலை பார்ப்பதாகவே அவள் நினைத்திருந்தாள். எழுந்து நின்றாள். முகம் சிவந்தது. பிறகு ஆரம்பித்தாள், லிதுவேனிய மொழியில். நான் மணியடித்தேன். அவள் நிறுத்தவில்லை. ரிமாஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூக்கைத் தடவி, மெதுவாக, மெதுவாக என்று காட்டினான். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"இத்தன நாளா நீ எங்க போயிருந்தன்னு கேக்குறா" என்றான் லென் பின்னாலிருந்து.

"அது மட்டுமில்ல" என்றார் பெரில். "கார் ஓட்டணும்னா என்கிட்டச் சொல்றதுக்கு என்னன்னும் கேக்குறா."

"அவனோட அம்மாவப் பத்தியும் ஏதோ சொன்னா" என்றாள் இன்னொருத்தி. நாலைந்து பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நோரிஸ் மெதுவாக எழுந்தார். "தலைவி அவர்களே, இந்தம்மா இப்ப பேசுனது இங்க யாருக்காவது புரியலையா?"

யாரும் கை தூக்கவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். கோப்பை அவருக்கு.

மறுவாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் கோப்பையோடு படம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில்: 'வந்தவர்களுக்கு இங்கிலீஷ் எதற்கு? கார் ஆசிரியர் கேள்வி.' அன்று முதல் பப்பில் லென் அவரிடம் பேசுவதை நிறுத்தினான். காதை இழுத்து வணக்கம் சொன்னான். பீர் வேண்டுமா என்று கழுத்தைத் தடவிக் கேட்டான். கல்லாவில் இருந்த பெண்ணும் தொடையில் அறைந்து மீதிச் சில்லறை கொடுத்தாள்.

"டேய், எனக்கு இங்கிலீஷ் தெரியும்டா!" என்று கத்தினார் நோரிஸ்.

"அது தேவையில்லன்னு நீதானப்பா பேப்பர்ல சொன்ன?" அதைச் சொல்வதற்காக மட்டும் லென் வாயைத் திறந்தான்.

இதைவிடப் பெரிய வினை வாசலில் காத்திருந்தது. காலையில் கதவைத் திறந்தால் தோட்ட வேலி வரை ஆட்கள். லிதுவேனியா, ருமேனியா, பல்கேரியா. எல்லாரும் அவரைப் பார்த்ததும் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பினார்கள்.

"நான் இன்னமும் அதத்தான் நம்புறேன் பெரில். இங்க வந்தவங்க இங்கிலீஷ் பேசணும்" என்றார் சமையலறைக்குள் ஒளிந்துகொண்டு.

"வெளிய போய் அவங்ககிட்டச் சொல்லு."

"எப்படிச் சொல்றது? அவங்களுக்குத்தான் புரியாதே!"

டாய்வா கோப்பையை இழந்தாள், பக்கத்தை விடவில்லை. தான் பேசியதெல்லாம் சரிதான் என்று அவளுக்கு இப்போது நிஜமாகவே பட்டுவிட்டது. தன் நாட்டுக்காரர்கள் ஓரளவு தேறியதும் எங்கள் பக்கம் திரும்பினாள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொரு வார்த்தையிலும் பாதியை விழுங்குகிறவர்கள். லென் புகைபோட்ட மீன் வாங்கப் போனபோது நானும் வரிசையில் நின்றிருந்தேன்.

"முழுசாச் சொல்லுங்க" என்றாள்.

"முழுசாத்தானே சொன்னேன்?"

"பாதி வார்த்தைய வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டீங்கன்னா, நானும் பாதி மீன்தான் தருவேன்."

லென் மூன்று முறை சொல்லிப் பார்த்தான். வால்பக்கம் கிடைத்தது.

ரிமாஸுக்கு உரிமம் வாங்க ஒரு தடை பாக்கி இருந்தது. ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு முன் எழுத்துத் தேர்வு ஒன்று உண்டு, அது இங்கிலீஷில்தான் இருக்கும். இது நோரிஸுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். மேடையில் அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் சமையலறை மேசையில் ரிமாஸை உட்காரவைத்துச் சாலை விதிப் புத்தகத்தை விரித்தார்.

விஷயம் தெரிந்து டாய்வா வந்து நின்றாள். "இங்கிலீஷா சொல்லிக் குடுக்குறீங்க? அப்ப கோப்பைய இப்படிக் குடுங்க."

"பரீட்ச வேற, வாழ்க்க வேற" என்றார் நோரிஸ், நிமிர்ந்து பார்க்காமல்.

இரண்டு தடவை தோற்று, அடுத்த தடவை ரிமாஸ் தேறினான். ஓட்டிக் காட்டும் தேர்வில் ஒரு தப்புக்கூட இல்லை. ஆனால் அவன் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் முழுக்கச் சாலைப் பலகை இங்கிலீஷ். வீட்டில் டாய்வா சண்டைக்கு நின்றால், "இது ஒருவழிப் பாதை" என்றான். சூப்புக்கு இன்னொரு கிண்ணம் கேட்க, "முன்னே பணி தொடர்கிறது" என்றான். முட்டைக்கோஸ் வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு, "அனுமதி இல்லை" என்றான். டாய்வாவால் கோபப்பட முடியவில்லை. இலக்கணம் சரியாக இருந்தது.

அடுத்த கோடையில் நோரிஸுக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் காரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமாஸ்தான் டாய்வாவோடு வந்து அவரையும் பெரிலையும் கடற்கரைக்கு அழைத்துப் போனான். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார்கள். முன்சீட்டில் நோரிஸ், பின்னால் நாங்கள் மூவர். ஊர் எல்லை தாண்டியதும் நோரிஸ் வழக்கம்போல ஆரம்பித்தார். பொழைக்க வந்த இடம், பேச வேண்டிய மொழி, படிக்க முடியாத பலகைகள். இப்போது அவருக்கு ஒத்தூத டாய்வாவும் இருந்தாள். இருவரும் மாறி மாறி ஒரே கட்சியைப் பேசி, யார் அதை முதலில் சொன்னது என்று சண்டையும் போட்டுக்கொண்டார்கள்.

ரிமாஸ் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்போது வேகத்தைக் குறைக்கவும்" என்றான்.

நோரிஸ் எட்டி ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார். வேகம் சரியாகத்தான் இருந்தது. "எதுக்குடா?" என்று கேட்டார். பெரில் ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். ரிமாஸ் ஒரு கையால் மூக்கைத் தடவிக் காட்டினான். போய் இறங்கியதும் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்து பேரும் நின்றபடியே சாப்பிட்டோம்.