சக்கைக்குரு

பம்பாயில் உலகச் சண்டைக் காலம். ரேஷன் அரிசி வாரக் கடைசி வரை காணாது. தாராவியிலிருந்து மாதுங்காவுக்கு நடந்து போய், ஒரு பாலக்காட்டுக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். அந்த வீட்டுப் பெண் காலேஜில் மரம், செடி பற்றிப் படித்தாள்.

ஒருநாள் காலை படியிறங்கிக்கொண்டே சொன்னாள்: "டப்பாவில இருக்கற சக்கைக்குருவை எல்லாம் அலம்பி வெளியில வெச்சுடு, கேட்டியா."

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சக்கை என்றால் மென்று துப்புவது. குரு என்றால் வேர்க்குரு, அது இங்கே பொருந்தவில்லை. குப்பையைக் கொட்டி டப்பாவை அலம்பச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். டப்பாவில் ஈர மணல். உள்ளே முளைவிட்ட பலாக்கொட்டைகள். கெட்டதென்று கழிக்கிறார்கள், நமக்கு ஆகும் என்று முந்தியில் முடிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் உட்கார்ந்து உரித்தேன். சிலதில் ஒரு முனையில் வெள்ளை வேர் மட்டும். சிலதில் வேர் விரல் நீளம் போன பிறகுதான் குருத்து கிளம்பியிருந்தது. பிளந்தால் இரண்டு பருப்பு, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எல்லாமே அப்படித்தான். உப்புப் போட்டு அவித்தேன்.

"ஏட்டி, இது எங்க கெடச்சுது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சக்கைன்னு கழிச்சிட்டாவ."

"அந்த வீட்டுச் சக்கையே இப்படின்னா சோறு எப்படி இருக்கும்! நாளைக்கும் கொஞ்சம் கழிக்கச் சொல்லு."

மறுநாள் அவள் காலி டப்பாவோடு நின்றாள். அவர்கள் பேச்சில் சக்கை என்றால் பலாவாம். குரு, கொட்டை. வெளியில் என்றது கேலரியில், வீட்டை ஒட்டிய தாழ்வாரத்தில்.

"தினம் ஒண்ணா நட்டேன், நடுவில தோண்டிப் பார்க்கலை. இன்னிக்குக் காலேஜில படம் வரைஞ்சு காட்டணும். இதுலயும் தோத்தா அப்பா படிப்பை நிறுத்திடுவார்" என்று அழுதாள். பலா சீசனும் முடிந்திருந்தது. "எலி கொண்டுபோச்சோ?"

"எலிதான் பாப்பா" என்றேன். தின்றுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நோட்டைத் திறந்து உட்கார்ந்தாள். "புஸ்தகத்தில அவரைக்கொட்டைதான் இருக்கு. இதுலயும் பருப்பு ரெண்டும் ஒரே அளவா? மண்ணுக்கு மேல வருமா? பெருக்கறச்சே நீ ஏதாவது பார்த்தியா?"

பருப்பு மணலுக்குள்ளேயே கிடந்ததை நான் பார்த்திருந்தேன். சொன்னால் உரித்தது தெரிந்துவிடும்.

"நான் பாக்கலியே பாப்பா."

இரண்டையும் ஒரே அளவாக வரைந்தாள். மண்ணுக்கு மேலே வரைந்தாள். நான் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மேஜை துடைக்கும்போது நோட்டு திறந்து கிடந்தது. படத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு. கீழே இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாது. அவள் தேறினாளா என்று நான் கேட்கவே இல்லை. அந்த மாதத்தோடு நின்றுகொண்டேன்.