நீல அச்சும் திருநீறும்

ஒளிப்படக்கருவி இல்லாமல் வெயிலைக்கொண்டே படம் அச்சிடும் முறையைக் கற்பிக்கும் நூல்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். அச்சிட்ட தாளைச் சலவைத்தூள் கலந்த நீரிற் கழுவலாகாது என்று அவை எச்சரிக்கின்றன. இறந்தோர் படத்துக்குத் திருநீறு பூசும் வீட்டில் அத்தாளுக்கு என்ன நேரும் என்பதை அவற்றுள் எதுவும் சொல்லவில்லை. எழுதியோர் வீடுகளில் அவ்வழக்கம் இல்லை போலும். நம் வீடுகளில் உண்டு. ஆதலின் இதனை எழுதிவைத்தல் என் கடமையாயிற்று.

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றபின், நானும் என் மனைவியும் ஊரப்பாக்கத்தில் வாழ்ந்தோம். அவளுடைய சிறுநீரகங்கள் பழுதாகி, செங்கற்பட்டு மருத்துவமனையொன்றில் இயந்திரத்தால் குருதியைத் தூய்மை செய்துவந்த காலம் அது. மருத்துவமனைக்குப் போகாத நாள்களில் கடற்காற்று வேண்டுமென்பாள். மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய வாடகை வீடொன்றில், ஓவியர் ஒருவர் இந்த அச்சு முறையைக் கற்பித்துவந்தார், நடுவயதுப் பெண்மணி. என் மனைவி மரநிழலில் சாய்ந்திருக்க, நான் உள்ளே மாணவனாக அமர்ந்தேன்.

இரும்பு உப்பு ஒன்றையும் அதனோடு சேரும் மற்றோர் உப்பையும் நீரிற் கரைத்து, இருண்ட அறையில் தாளின்மேற் பூசி உலர்த்த வேண்டும். ஒரு பொருளை அதன்மேல் வைத்து வெயிலிற் காட்டிக் கழுவினால், வெயில் பட்ட இடம் ஆழ்ந்த நீலமாகும். பொருள் மறைத்த இடம் வெண்மையாகவே நிற்கும். சொல்வதற்கு எளிது. என் பூச்சுத் திட்டுத்திட்டாகப் படிந்தது. உப்புக்காற்றில் தாள் உலர மறுத்தது. சவுக்கிலைகளும் வலைத்துண்டுகளும் மங்கல் மங்கலாக வந்தன. அந்த வீண் தாள்களையெல்லாம் கட்டிவைத்தேன்.

நோய் முற்றியபின் அவள் தன்னைப் படமெடுக்க யாரையும் விடவில்லை. "வீங்கிப்போன மூஞ்சிய எதுக்குங்க புடிச்சி வெக்கிறீங்க?" என்பாள். ஆகவே கையை மட்டும் கேட்டேன். மணலில் பலகையை வைத்து, அதன்மேல் தாளை விரித்து, வலக்கையை ஊன்றச் சொன்னேன்.

"இன்னாங்க இது, ரேசன் கடையில ரேகை வெக்கச் சொல்ற மாதிரி கீது?"

"அசையாதே."

"அங்கியாச்சும் அரிசி குடுப்பான். நீங்க இன்னா குடுப்பீங்க?"

சிரித்ததில் கை அசைந்தது. விரல்களின் ஓரம் சற்றே கலங்கினாலும், அவற்றினிடையே நீலம் தெளிவாக இறங்கி நின்றது. நான் கற்ற காலத்தில் ஒழுங்காக வந்த அச்சு அது ஒன்றே.

அடுத்த மழைக்காலத்தில் அவள் இறந்தாள். நோயுற்ற ஆண்டுகளின் அவள் உருவமாக என்னிடம் எஞ்சியது அந்தக் கை மட்டும். கண்ணாடியின் மினுக்கம் நீலத்தை மறைக்குமென்று கருதி, கண்ணாடி போடாமல் அட்டையில் பொருத்தி, எங்கள் திருமணப் படத்தின் பக்கத்தில் மாட்டினேன். மற்றப் படங்களில் திருநீறு கண்ணாடியோடு நின்றுவிடும். இதற்கு அந்தக் காப்பு இல்லை.

திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்து எனக்குச் சமைத்துப்போட்ட அவள் தங்கை, பதினாறாம் நாள் படையலின்போது அதன்முன் திகைத்து நின்றாள்.

"மாமா, மொகமே இல்ல. பொட்டு எங்க வெக்கிறது?"

"வேண்டா. அப்படியே இருக்கட்டும்."

"செத்தவங்க படத்த மொட்டையாவா வுடுவாங்க? பாக்கறவங்க காறித் துப்புவாங்க. நீங்க போய் உக்காருங்க மாமா."

நீரிற் குழைத்த திருநீற்றை விரல்களின் குறுக்கே பட்டையாக இழுத்தாள். வெள்ளிதோறும் ஈரத்துணியால் துடைத்துப் புதிதாகப் பூசினாள். அந்தச் சுவரை ஏறிட்டுப் பார்க்க இயலாதவனாக நான் இருந்தேன்.

பார்த்த நாளில், அவள் பழைய பட்டையைத் துடைத்து முடித்திருந்தாள். பூசிய இடத்தில் நீலம் இல்லை. துரு கரைந்தாற்போன்ற வெளிறிய மஞ்சள் இருந்தது. பிரித்துக்காட்டிய நீலம் போனதால் விரல்களும் போயிருந்தன. மணிக்கட்டின்மேல் துடுப்புப் போன்ற ஒரு வடிவம் நின்றது.

"நான் இன்னா மாமா பண்ணேன்? சாமி துண்ணூறுதான வெச்சேன்?" என்று தங்கை அழுதாள்.

சாணச் சாம்பல் காரத்தன்மை உடையது. ஈரத்தோடு கூடினால் இந்த நீலத்தைத் தின்றுவிடும். அதை அவளிடம் சொல்லாமல் படத்தைக் கழற்றி எடுத்தேன்.

ஓவியரைத் தொலைபேசியில் அழைத்தேன். என் மனைவியின் மறைவு அவருக்குத் தெரியாது.

"போன நீலம் வராது சார். அம்மாவ கூட்டிட்டு வாங்க, அதே கைய வச்சி இன்னொண்ணு போட்டுடலாம்."

"கை இல்லையம்மா."

நீலம் அழிந்தாலும் இரும்பு தாளில் தங்கியிருக்கும் என்றும், துவர்ப்புச் சாற்றில் அது கறுக்கக்கூடும் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். கடுக்காயும் இரும்பும் கூட்டி மை காய்ச்சிய பழைய வழக்கத்தை நான் அறிவேன். கட்டிவைத்த வீண் தாள்களில் திருநீறு பூசி நீலத்தை அழித்து, கடுக்காய்ச் சாற்றில் நனைத்துப் பார்த்தேன். கறுத்தன. ஆனால் வெண்மையான இடங்களும் கறைபட்டன. அவள் கையை அதில் இடுவதா, இருப்பதோடு விடுவதா என்று பல நாள் தயங்கிப் பின் இட்டேன்.

கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிரிந்து வந்தன. துணி மிகுதியாகத் தேய்த்த இடத்தில் தாளின் நாரோடு இரும்பும் போயிருந்ததால், மற்ற மூன்று விரல்கள் ஒட்டியபடியே நின்றன. வெண்மையாக இருந்த கை பழுப்பாயிற்று.

"இப்பதான் மாமா அக்கா நெறமா கீது," என்றாள் தங்கை.

அது கடுக்காய்க் கறை. அவள் நிறம் அதுவன்று. கண்ணாடி போட்டு மீண்டும் மாட்டினேன்; தங்கை அதன்மேல் திருநீறு பூசினாள்.

திருநீற்றின் காரம் குறித்தோ கடுக்காய் முறை குறித்தோ நான் எழுதியவற்றில் பிழை இருப்பின், வேதியியல் அறிந்தோர் திருத்த வேண்டுகிறேன். தேய்ந்த தாளில் அந்த மூன்று விரல்களைப் பிரித்தெடுக்க இயலாது என்பதே இப்போது என் முடிவு. அதுவும் பிழையாயின், அதையே முதலில் தெரிவியுங்கள்.