நாற்பத்தோராவது புள்ளி

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸில் என் மானம் போயிருக்க வேண்டியது. ஷாகிதா புண்ணியத்தில் தப்பித்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பார்க்கும் வேலை, புதிதாகப் படிப்பவர்களுக்குத் தெரியாதே... ஒரு புது சுகர் மருந்தைச் சாப்பிட்டுப் பார்க்கும் நோயாளிகளின் ரத்த அளவுகள் மாதாமாதம் வரும். ஆளுக்கு ஒரு புள்ளி என்று கிராஃப் போட்டு டாக்டர்களுக்கு அனுப்ப வேண்டும். யாருக்காவது எகிறியிருந்தால் உடனே கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பக்கத்து சீட் ஷாகிதா பூந்தமல்லிப் பெண். எதையும் லேசில் நம்ப மாட்டாள், எண்ணித்தான் பார்ப்பாள்.

"அக்கா, லிஸ்ட்ல நாப்பத்தோரு பேரு. கிராஃப்ல நாப்பது புள்ளிதான் வருது. ஒருத்தர் எங்கக்கா போனாரு?"

தேடினோம். மனிதர் எங்கேயும் போகவில்லை. கிராஃபின் உச்சிக்கும் மேலே, படத்துக்கு வெளியே இருந்தார். முந்நூற்றுப் பதினெட்டு!

முதல் மாதம் யாரும் இருநூற்று ஐம்பதைத் தாண்டவில்லையே என்று அதையே உச்சமாக என் கையால் அடித்து வைத்திருந்தேன். அதைத் தாண்டியவரை கிராஃப் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. யாரை முதலில் பார்க்க வேண்டுமோ, அவரையே!

"நம்பரை நீங்க எழுதாதீங்கக்கா. டேட்டாகிட்டயே கேளுங்க" என்றாள்.

அதற்கு மேக்ரோ வேரியபிள் என்று ஒன்று இருக்கிறது. பெயர் ஒட்டிய டப்பா மாதிரி. சுகர் அளவுகள் இருக்கும் நெடுவரிசையில் எது பெரிய எண் என்று ஒவ்வொரு மாதமும் கம்ப்யூட்டரே தேடி டப்பாவில் போடும். கிராஃப் அதைப் பார்த்து உயரும். அளவே பதியாத காலிக் கட்டங்களை மட்டும் கண்டுகொள்ளாது, தாண்டிப் போய்விடும். நாலு வரி வேலை... சோம்பலில் விட்டிருந்தேன். திருத்திய கிராஃப் அன்றே போனது. அந்த நோயாளியையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் கள்ளிக்குப்பம் திரும்பும்போது மனசு ஆறவில்லை. மனிதர்களுக்கும் இப்படித்தானே என்றோ பார்த்த எண்ணை எழுதி வைத்துவிடுகிறோம்? 'அவருக்கு இதுக்கு மேல கோபம் வராது', 'அவ எவ்வளவு வேணா தாங்குவா'...

வீட்டில் கணவர் ஆவடி ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்க சுகர் எவ்வளவு?"

"நூத்தியெம்பது. இன்னா திடீர்னு?"

"எப்போ பார்த்தது?"

"உன் தங்கச்சி கல்யாணத்தப்போ."

தங்கை மகன் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான்!

மெடிக்கல் ஷாப்பில் மெஷின் வாங்கி, மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தோம். இருநூற்று எழுபத்தாறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே டாக்டரிடம் போவதென்று முடிவானது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினை மூடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்த உடு. உன்து எவ்ளோ?"

என்னுடையதா? ஊரார் சுகரையெல்லாம் கிராஃப் போடுகிறேன்... என்னுடையதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

காலிக் கட்டம். விரலை நீட்டினேன்.