செம்பூர் மொட்டைமாடியில் அறுக்கப்பட்ட ஆன்டெனா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நல்லதை மட்டும் எழுதச் சொல்லி உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள். அக்காவைப் பற்றி எழுத நல்லது மட்டுமே உண்டு. கோபம் என்னுடையது.

தாராவியில் பிறந்து, அப்பாவைச் சிறு வயதிலேயே இழந்து, டியூஷன் எடுத்தே படித்து, சயானில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியையானவர் அக்கா. தங்கையான என்னைப் படிக்க வைத்தவரும் அவரே. செம்பூரில் வீடு வாங்கியதும் முறைப்படி உரிமம் பெற்று, தொலைவில் இருப்பவர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோ வைத்துக்கொண்டார்; மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டினார்.

"எக்கா, பூமி உருண்டையால்லா இருக்கு? ஒன் குரல் எப்படி கொழும்பு வரைக்கும் போவுது?" என்று கேட்டேன்.

"ஒசரத்துல வெயில் பட்டு மின்னேறுன காத்து அடுக்கா கெடக்குட்டி. சிற்றலை அதுல போய் வளைஞ்சு, தொடுவானத்துக்கு அங்கிட்டு எறங்கிரும்" என்றார்.

எங்கள் சொந்த ஊர்ப்பக்கம் பெருவெள்ளம் வந்து போன்கள் அடங்கிய நாளில், அதே பக்கத்துக்காரரான எங்கள் குடியிருப்புச் சொசைட்டி செயலாளர் அழுதுகொண்டு வந்தார். "மேடம், எங்கம்மா எங்க இருக்காங்கன்னே தெரியல. ஏதாவது பண்ணுங்க." அக்கா சாப்பிடாமல் ரேடியோ முன் உட்கார்ந்தார். பள்ளிக்கூட முகாமில் அந்த அம்மா நலம் என்று பிற்பகலில் பதில் வந்தது.

அடுத்த ஆண்டு அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்த ஆன்டெனாவால்தான் நோய் வந்தது என்று சொசைட்டியில் கூட்டம் போட்டுப் பேசி, அதை அறுத்து இறக்கினார்கள். முன்னின்றவர் அதே செயலாளர். அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். "மீட்டிங்ல பாஸ் ஆயிடுச்சு மேடம், ஜானே தீஜியே, விட்டுடுங்க" என்றார்.

வீடு திரும்பிய அக்கா ரேடியோவைத் திருகினார். இரைச்சல் மட்டும் வந்தது. யாரையும் திட்டவில்லை. "ஏட்டி, ஏணிய எடு" என்றார். பால்கனியில் என்னைக் கொண்டே ஒரு கம்பி கட்ட வைத்தார். மறுநாள் காலை, ரேடியோவில் பழகிய கொழும்பு நண்பர் மெல்லிய குரலில், "இவ்வளவு நாளா எங்க போனீங்க டீச்சர்?" என்றார். நோய் வந்தபின் அக்கா சிரித்தது அன்றுதான். அடுத்த மாதம் போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்குச் செயலாளர் பெரிய மாலையோடு வந்தார். "மாலை வேண்டாம். அறுத்த ஆன்டெனாவக் கொண்டாங்க" என்று வாசலிலேயே சொன்னேன். பெரியவர்கள் கடிந்துகொண்டார்கள். இன்று வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

இரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், இரவு பகல் பார்க்காத நர்ஸ்களுக்கும், கடைசிவரை அக்காவுக்குப் பதில் சொன்ன ரேடியோ நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதில் சொல்லப்படாதவர்கள் மறதியால் விடுபட்டவர்கள் அல்லர்.